ஒரே ஒரு அரிய செம்புக் கனிமம் வாங்குவதானால் எது?

செம்புக் குடத்தைச் சில வாரம் தேய்க்காமல் விட்டால் அடிப்பக்கம் பச்சையாக ஒரு பூச்சு படியும். களிம்பு. புளி போட்டுத் தேய்த்தால் போகும். விட்டால் மறுபடி வரும். செம்பில் களிம்புபோல உயிரோடு ஒட்டியிருப்பது ஆணவ மலம் என்று சைவ சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள். செம்பின் குணத்தை நெருங்கிப் பார்த்தவர்கள் சொன்ன உவமை அது. காற்றும் ஈரமும் படுகிற இடத்தில் செம்பு தனியாக இருக்காது. பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதோடு சேர்ந்துகொள்ளும்.

செம்புச் சுரங்கங்களின் மேல்பகுதியிலும் இதுதான் நடந்திருக்கிறது, பல லட்சம் ஆண்டுகளாக, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் வரைக்கும். அடியில் இருக்கும் முதல்நிலைத் தாது பெரும்பாலும் செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. சால்கோபைரைட் அதில் முக்கியமானது, பித்தளைபோல மின்னும். மழைநீர் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு பாறையிடுக்கில் இறங்கும்போது கந்தகம் அமிலமாகிறது, அந்த அமிலத்தில் செம்பு கரைந்து நகர்கிறது. போகிற வழியில் சுண்ணாம்புக்கல் குறுக்கிட்டால் கார்பனேட்டோடு சேர்ந்து பச்சை மாலக்கைட்டாகவோ நீல அசுரைட்டாகவோ படிகிறது. இப்படிப் பின்னால் உருவானவற்றைத்தான் இரண்டாம் நிலைக் கனிமங்கள் என்கிறோம்.

கார்பனேட் எங்கும் கிடைக்கும் துணை. அதனால்தான் கல் சேகரிப்பவர் எல்லார் வீட்டிலும் மாலக்கைட் இருக்கிறது. ஆனால் செம்பு கரைந்து வரும் அதே நேரத்தில், அதே இடுக்கில், ஈயமோ பாஸ்பேட்டோ ஆர்சனிக்கோ குளோரைடோ சரியான அளவில் வந்து சேர்வது அபூர்வம். அரிய செம்புக் கனிமம் என்று நாம் சொல்வதெல்லாம் அப்படி அபூர்வமாக அமைந்த ஒரு சேர்க்கையைத்தான்.

கல் சேகரிக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மாலக்கைட் இருக்கிறது, அசுரைட் இருக்கிறது. அடுத்து அரிதாக ஒன்று வாங்க வேண்டும், ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, எதை வாங்குவது? ஐந்து கனிமங்களை எடுத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்: டயோப்டேஸ், லினரைட், கொனலைட், லைரோகோனைட், கோர்னெட்டைட். ஐந்துமே நீலம் அல்லது பச்சை. ஐந்திலும் செம்புக்கு வாய்த்த துணை வேறு.

முதலில் ஒதுக்க வேண்டியவை

பார்த்தவுடன் கை நீளும் நீலம் சால்காந்தைட். அது வேறொன்றுமில்லை, நம் ஊர் மயில்துத்தம். பயிருக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்குச் சுண்ணாம்போடு கலக்கிறோமே, அதே செம்பு சல்பேட். இயற்கையாகவும் கிடைக்கும், சிலியின் வறண்ட பாலைவனச் சுரங்கங்களில். ஆனால் தண்ணீரில் கரையும், வறண்ட காற்றில் நீரை இழந்து வெளுத்து மாவாகும். விற்பனைக்கு வரும் பெரிய பளபளப்பான படிகங்களில் பெரும்பாலானவை பாத்திரத்தில் வளர்த்தவை. நான் ஆரம்பத்தில் வாங்கிய ஒன்றும் அப்படித்தான். படிகத்துக்கு அடியில் இருந்த கல்லில் செம்புத் தாதுவின் சுவடே இல்லை என்பதை வாங்கிப் பல மாதம் கழித்துத்தான் கவனித்தேன். அன்றிலிருந்து எந்தப் படிகத்தையும் அதன் தாய்ப்பாறையைப் பார்க்காமல் எடுப்பதில்லை.

இன்னொரு வகை, காங்கோவின் முசோனோய் சுரங்கத்திலிருந்து வரும் கியூப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட், வேறு பல இடங்களில் கிடைக்கும் டார்பர்னைட். பச்சை நிறம் கண்ணைப் பறிக்கும். இவற்றில் செம்புக்குத் துணை யுரேனியம். கதிர்வீச்சு உள்ள கல்லை அனுபவமும் தனி இடமும் இல்லாமல் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

டயோப்டேஸ்: சிலிக்கா துணையானபோது

கசகஸ்தானின் அல்தின் தியூபே குன்றிலிருந்து 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்த பச்சைப் படிகங்களை மரகதம் என்றே நம்பினார்கள். அந்த அளவுக்கு ஆழமான பச்சை. மரகதத்தின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவுகோலில், 7.5-க்கு மேல், இதற்கு 5 மட்டுமே. 1797-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரெனே ஜூஸ்ட் ஹாய் இதைத் தனிக் கனிமம் என்று பிரித்துப் பெயரிட்டார். கிரேக்கத்தில் ஊடாகப் பார்ப்பது என்ற பொருள் வரும் பெயர். படிகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் அது பிளக்கக்கூடிய தளங்கள் உள்ளுக்குள்ளேயே தெரியும். அதைத்தான் அவர் பெயராக்கினார்.

அந்தப் பெயரிலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. மூன்று திசைகளில் சுத்தமாகப் பிளக்கும் கனிமம் இது. கீழே விழுந்தால் போயிற்று. நகையில் அதிகம் பதிப்பதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

நமீபியாவின் சுமேப் சுரங்கத்தில் வெள்ளைக் கால்சைட், டோலமைட் மேல் உட்கார்ந்திருக்கும் டயோப்டேஸ்தான் பெயர்பெற்றது. 300-க்கும் மேற்பட்ட கனிமங்கள் கிடைத்த சுரங்கம் அது, 1996-இல் மூடினார்கள். காங்கோ குடியரசின் மிந்தூலி, ரெனெவில் பகுதிகளிலிருந்து வருபவையும் நல்லவை. அறை வெப்பத்துக்கோ வெளிச்சத்துக்கோ ஒன்றும் ஆகாது. போலி குறைவு. கண்ணாடி அலமாரியில் வைத்தால் வீட்டுக்கு வருகிற யாரும் நின்று பார்ப்பார்கள்.

குறை என்று சொன்னால் ஒன்றுதான்: இந்த ஐந்தில் அரிது என்ற சொல்லுக்கு மிகக் குறைவாகப் பொருந்துவது இது. எந்தக் கனிமச் சந்தையிலும் இருக்கும். நல்ல படிகத்தின் விலையோ அதைப் பொருட்படுத்தாமல் ஏறிக்கொண்டே போகும்.

லினரைட்: ஈயம் வந்து சேர்ந்தபோது

என் மனசுக்கு நெருக்கமானது இதுதான். அதனாலேயே இதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஸ்பெயினின் லினாரெஸ் என்ற ஈயச் சுரங்க ஊரின் பெயர் இதற்கு. ஈயம், செம்பு, சல்பேட் மூன்றும் சேர்ந்தது. ஈயத் தாதுவான கலீனாவும் செம்புத் தாதுவும் ஒரே இடத்தில் ஆக்சிஜனேற்றம் அடைந்தால்தான் உருவாகும். அரிசோனாவின் கிராண்ட் ரீஃப், டைகர் ஊரின் மேமத்-செயின்ட் ஆன்டனி, நியூ மெக்சிகோவின் பிளாஞ்சார்ட், இங்கிலாந்தின் கால்ட்பெக் குன்றுகளில் இருந்த ரெட் கில், ரஃப்டன் கில் ஆகிய சுரங்கங்கள் இதற்குப் புகழ்பெற்றவை. நிறத்தைச் சொல்லில் பிடிப்பது கடினம். அசுரைட் தடித்த இடங்களில் இருண்டு கறுப்பாகிவிடும். லினரைட்டின் மெல்லிய பட்டைப் படிகங்கள் வெளிச்சத்தை விட்டுக்கொடுக்காமல் நீலமாகவே நிற்கும்.

சிக்கலும் அசுரைட்டிலிருந்தே வருகிறது. இரண்டையும் கண்ணால் மட்டும் பிரிக்க முடியாத நிலை அடிக்கடி வரும். லினரைட் என்று சீட்டு ஒட்டியிருந்த ஒரு துண்டை நான் வாங்கினேன். பாறையில் மாலக்கைட் இருந்தது, கலீனா ஒரு பொட்டுகூட இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடந்த ஒரு துகளை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது. அசுரைட். கார்பனேட் என்பதால் நுரைக்கிறது. லினரைட்டாக இருந்தால் நுரைக்காது. ஈயக் குளோரைடு உருவாகி மேலே வெண்மையாகப் பூக்கும். உதிரித் துகளில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது, நல்ல படிகத்தின் மேல் அமிலம் படவே கூடாது.

அடர்த்தியிலும் பெரிய வித்தியாசம் உண்டு. அசுரைட் சுமார் 3.8, லினரைட் 5.3. ஆனால் பாறைமேல் ஒட்டிய சிறு படிகத்தைத் தனியாக எடைபோட முடியாதே. ஆகவே பாறையைத்தான் படிக்க வேண்டும். கலீனாவின் சாம்பல் கனசதுரங்கள், அல்லது அது மாறி உருவான ஆங்கிளிசைட், செருசைட் பக்கத்தில் இருந்தால் நம்பிக்கை கூடும். பிளாஞ்சார்ட் சுரங்கத் துண்டுகளில் ஃப்ளூரைட்டும் பேரைட்டும் கூடவே வரும்.

கடினத்தன்மை 2.5 தான், நகம் பட்டால் கீறல் விழும் அளவு. தூசு தட்டும் தூரிகைகூட மென்மையாக இருக்க வேண்டும். ஈயம் இருப்பதால் தொட்டபின் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் அலமாரியைத் திறக்கும் வீட்டில் இதற்கு இடமில்லை. முதல் கல்லாக வாங்குகிறவர் இத்தனையையும் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கொனலைட்

ஊசிபோன்ற நீல இழைகள், ஒரு புள்ளியிலிருந்து விசிறியாய் விரிந்தவை. செம்போடு குளோரைடும் சல்பேட்டும் இரண்டுமே சேர்ந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் கிடைத்ததை ஃபிலிப் ராஷ்லி என்ற சேகரிப்பாளர் 1802-இலேயே பதிவு செய்துவிட்டார். அதில் என்ன இருக்கிறது என்று ஆர்தர் கொனல் என்ற வேதியியலாளர் ஆராய்ந்தது 1847-இல். 1850-இல் டேனா என்ற அமெரிக்கக் கனிமவியலாளர் கொனலின் பெயரையே கனிமத்துக்கு வைத்தார். கண்ணில் பட்டதற்கும் பெயர் கிடைத்ததற்கும் நடுவே 48 ஆண்டுகள்.

அரிசோனாவின் பிஸ்பியிலும் சிவந்த செம்பு ஆக்சைடான கியூப்ரைட்டின் மேல் இந்த நீல இழைகள் வந்திருக்கின்றன. சிவப்பும் நீலமும் ஒரே துண்டில். ஆனால் எல்லாமே மில்லிமீட்டர் கணக்குதான். 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பு, அதாவது கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சிறு லென்ஸ், குறைந்தபட்சம் வேண்டும். ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் இருந்தால்தான் முழுச் சுகம். மைக்ராஸ்கோப் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இந்த ஐந்தில் காசுக்கு அதிகம் தருவது கொனலைட். விரல்நுனியளவு பெட்டியில் அடங்கும் துண்டுகள் நியாயமான விலைக்கே கிடைக்கும். வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு அது பாறைமேல் நீலமாக ஒரு பூஞ்சை, அவ்வளவுதான்.

லைரோகோனைட்: கிடைத்த காலம் போய்விட்டது

கார்ன்வாலிலேயே செயின்ட் டே ஊருக்குப் பக்கத்தில் வீல் கோர்லண்ட் என்ற சுரங்கம் இருந்தது. அங்கே சுரங்கப் பெயர்களின் முன்னால் வரும் வீல் என்பது கார்னிஷ் மொழியில் வேலை, வேலைத்தளம் என்ற பொருள் கொண்ட சொல். உலகின் மிகச் சிறந்த லைரோகோனைட் முழுவதும் இந்த ஒரு சுரங்கத்திலிருந்தும் அதை ஒட்டிய சுரங்கங்களிலிருந்தும் வந்தது. வானநீலத்திலிருந்து பசுநீலம் வரை நிறம், தட்டையான லென்ஸ் வடிவப் படிகம். செம்பு, அலுமினியம், ஆர்சனிக், நீர் எல்லாம் சேர்ந்த கூட்டு. அந்தக் கூட்டு வேறெங்கும் இவ்வளவு நன்றாக அமையவில்லை.

இதன் அருமைக்கு வேதியியல் மட்டும் காரணமில்லை. ஆக்சிஜனேற்ற மண்டலம், அதாவது காற்றும் நீரும் பட்டுத் தாது மாறிய பகுதி, எப்போதும் சுரங்கத்தின் மேல்பகுதியில் இருப்பது. தோண்டுகிறவர்கள் முதலில் தொடுவதும் அதைத்தான். கார்ன்வாலில் அந்த மேல்பகுதிகளைத் தோண்டித் தீர்த்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும். கனிமங்களைச் சேகரித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர்கள் அப்போது மிகச் சிலர். ராஷ்லி போன்றவர்கள் கேட்டு வாங்கி வைத்ததுதான் இன்று மிஞ்சியிருக்கிறது; மற்றதெல்லாம் நொறுக்கப்பட்டு உலைக்குப் போய்ச் செம்பாகிவிட்டது. எத்தனை வண்டி லைரோகோனைட் அப்படி உருகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு ஆறாது. ஆனால் அந்தச் சுரங்கத் தொழிலாளிக்கு அது கூலி. அதையும் மறக்க முடியாது.

விளைவு, இன்று விற்பனைக்கு வரும் நல்ல லைரோகோனைட் எல்லாமே பழைய சேகரிப்புகளிலிருந்து கைமாறி வருபவை. விலை, ஒரு சிறு படிகத்துக்கே மற்ற நான்கையும் வாங்கிவிடலாம் என்ற அளவில் இருக்கும். அந்த விலையில் பாதிக்கும் மேல் சீட்டுக்குத்தான்: யார் கையில் இருந்தது, எந்த ஆண்டு, எந்தச் சுரங்கம் என்று பழைய மை எழுத்தில் உள்ள சீட்டு. சீட்டு இல்லாத லைரோகோனைட்டை வாங்காதீர்கள். கூடவே, கடினத்தன்மை 2 முதல் 2.5 வரைதான், ஆர்சனிக் இருப்பதால் கையாளுவதில் லினரைட்டுக்குச் சொன்ன எச்சரிக்கை எல்லாம் இதற்கும் பொருந்தும்.

பார்க்க ஆசையிருந்தால் இங்கிலாந்து போகும் வாய்ப்பு வரும்போது ட்ரூரோ நகரத்தில் முன்பு ராயல் கார்ன்வால் அருங்காட்சியகம் என்றிருந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ராஷ்லியின் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. இந்தக் கனிமத்தைப் பொறுத்தவரை வாங்குவதைவிட அதுவே நல்ல வழி.

கோர்னெட்டைட்: பாஸ்பேட்டின் நீலம்

நகைக்கடையில் சொல்லும் கார்னெட்டுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஜூல் கோர்னே என்ற பெல்ஜிய நிலவியலாளரின் பெயர். 1891 முதல் 1893 வரை காங்கோவின் கட்டாங்கா பகுதிக்குப் போன பயணக்குழுவில் இருந்தவர்; அங்கே எவ்வளவு செம்பு இருக்கிறது என்று ஐரோப்பாவுக்கு எழுதிச் சொன்னவர். கட்டாங்கா மக்களுக்கு அது செய்தியே இல்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மாலக்கைட்டை உருக்கிச் சிலுவை வடிவக் கட்டிகளாக வார்த்துப் பணமாகப் புழங்கியவர்கள் அவர்கள். லுபும்பாஷிக்குப் பக்கத்தில் உள்ள எத்துவால், அதாவது காங்கோவின் நட்சத்திரம் என்ற சுரங்கத்தில்தான் கோர்னெட்டைட் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. 1917-இல் பெயர் வைத்தார்கள்.

சின்னச் சின்ன, முனை மழுங்கிய படிகங்கள், சில மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனால் நெருக்கமாக வளர்ந்து பாறையின் ஒரு முகம் முழுவதையும் போர்த்திவிடும். பசுமை கலந்த ஆழ்ந்த நீலம், மயில்கழுத்து நிறம் என்றால் நமக்கு உடனே புரியும். பக்கத்திலேயே இன்னொரு செம்புப் பாஸ்பேட்டான சூடோமாலக்கைட் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சையும் இந்த நீலமும் சேர்ந்த துண்டு கிடைத்தால் விடாதீர்கள். ஒரே துணைப்பொருளோடு, அளவு மட்டும் கொஞ்சம் மாறியதில், செம்பு இரண்டு நிறமாகப் படிந்ததை ஒரே கல்லில் பார்க்கலாம்.

கடினத்தன்மை 4.5 வரை. ஈயம் இல்லை, ஆர்சனிக் இல்லை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வைத்திருந்தும் என் துண்டில் எந்த மாற்றமும் இல்லை. சாம்பியாவின் புவானா முகுப்வா, அரிசோனாவின் சாகினா ஹில் போன்ற வேறு சில இடங்களிலும் உண்டு என்றாலும், நல்ல துண்டுகள் கிடைக்கும் இடங்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்படியிருந்தும் டயோப்டேஸ் அளவுக்குப் பெயர் பரவாததால் விலை ஏறவில்லை. பெரிய ஒற்றைப் படிகம் வராது என்பதே சேகரிப்பாளர்கள் இதை விட்டு விலகக் காரணம். எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஆக, எது

கோர்னெட்டைட்டை வாங்குங்கள். உள்ளங்கையில் பாதி அளவாவது தாய்ப்பாறை இருக்கட்டும், சூடோமாலக்கைட்டும் தெரியட்டும், சீட்டில் சுரங்கத்தின் பெயர் இருக்கட்டும். காங்கோ என்று மட்டும் எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள். காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் உண்டு, இரண்டிலும் செம்பு இருக்கிறது.

வீட்டு அலமாரியில் எல்லார் கண்ணிலும் பட வேண்டும், அரிது என்பது அவ்வளவு முக்கியமில்லை என்றால் டயோப்டேஸுக்குப் போகலாம். அப்போது ஒன்றைக் கவனியுங்கள்: கால்சைட்டை அமிலத்தில் கரைத்து டயோப்டேஸை வெளியே கொண்டுவந்த துண்டுகள் உண்டு. அமிலம் அளவு மீறினால் படிக முகங்களின் மினுமினுப்பு மங்கிவிடும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணாடிபோன்ற மினுமினுப்பு உள்ளதை எடுங்கள். மைக்ராஸ்கோப் உள்ளவர்களுக்குக் கொனலைட் என்று முன்பே சொல்லிவிட்டேன். லினரைட் இரண்டாவது கல்லாக, அமிலச் சோதனையும் பாறையைப் படிப்பதும் கைவந்த பிறகு.

எதை வாங்கினாலும் கண்டதும் கழுவ வேண்டாம். ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவே வேண்டாம், டயோப்டேஸ் உள்ளிருக்கும் தளங்களில் பிளந்துவிடும். கேமரா லென்ஸுக்கு வாங்கும் காற்றுப் பந்து தூசுக்குப் போதும். கூட வந்த சீட்டு கிழிந்திருந்தாலும் எழுத்துப்பிழை இருந்தாலும் தூக்கிப்போடாமல், ஒட்டாமல், அப்படியே மடித்துப் பெட்டியின் அடியில் வையுங்கள். உங்கள் சீட்டைத் தனியாக எழுதி அதன் மேல் வையுங்கள்: கனிமம், கூட இருக்கும் கனிமங்கள், சுரங்கம், மாவட்டம், நாடு, வாங்கிய நாள்.